தெளிப்பா, பீச்சா, விசிறலா? மின்மாற்றித் தீக்காப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மின்மாற்றிகளைச் சுற்றிக் குழாய்கள் அமைத்து, தீப்பற்றியதும் எல்லா முனைகளிலிருந்தும் (நாசில்) ஒரே நேரத்தில் நீரைப் பாய்ச்சும் ஏற்பாட்டுக்கு 'நிலையான நீர்த்தெளிப்பு முறை' என்ற பெயர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அது நம் கலைச்சொல் பட்டியலில் ஏறுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> தெளிப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே, ஐயா? அதை ஏன் மாற்ற வேண்டும்?

எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் சிக்கலே வருகிறது. கூரையில் தொங்கும் ஸ்பிரிங்ளருக்குத் 'தெளிப்பான்' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதன் வாயைச் சிறிய கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும். சிவப்புக் குமிழ் என்றால் 68 பாகை செல்சியசில் உடையும். உடைந்த தலையில் மட்டும் நீர் வரும். மின்மாற்றியைச் சுற்றியுள்ள முனைகளோ எப்போதும் திறந்தே இருப்பவை. நான் மொழிபெயர்த்த ஒரு கையேட்டில் இரண்டையும் தெளிப்பான் என்றே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்த ஒருவர் ஒரு முனையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் குமிழ் உடைந்து விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார். அவர்மீது பிழையில்லை. நான் எழுதிய சொல்லை அவர் நம்பினார்.

இதைவிடப் பெரிய குறை, தெளிப்பு என்ற சொல்லில் வேகம் இல்லாதது. மின்மாற்றி எண்ணெய் எரியும்போது மேலெழும் அனல்காற்று மெல்லிய துளிகளைத் தூக்கி எறிந்துவிடும். துளி அந்த அனலைக் கிழித்துக்கொண்டு போய் எண்ணெய்ப் பரப்பில் மோத வேண்டும். அப்படி மோதும்போது மேற்பரப்பில் எண்ணெயும் நீரும் கலந்து பால்மம் ஆகிறது. பால்மம் எரியாது. மின்மாற்றி எண்ணெய் 135 பாகைக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவியைத் தரும் என்பதால் குளிர்விப்பதும் நன்றாகப் பலிக்கிறது. கூடவே, ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து தீயிடமிருந்து காற்றை விலக்குகிறது. அமெரிக்காவின் தேசியத் தீக்காப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 15 நெறிமுறை, மின்மாற்றியை ஒரு பெட்டியாகக் கொண்டு அதன் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு 10.2 லிட்டர் நீர் கேட்கிறது. இத்தனை வேலையையும் 'தெளிப்பு' சுமக்காது. மருந்து தெளிக்கிறோம், அந்தச் சொல்லின் கை மென்மையானது.

அப்படியானால் 'பீச்சு' என்று வைக்கலாமே என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். வேகம் அதில் இருக்கிறது, ஆனால் ஆபத்தும் இருக்கிறது. பீச்சுவது என்றால் அறுபடாத தாரை. மின்னோட்டமுள்ள கருவியின்மேல் அறுபடாத நீர்த்தாரை பட்டால் அந்தத் தாரை வழியாகவே மின்சாரம் திரும்பி வரும். துளித்துளியாகச் சிதறி, இடையிடையே காற்று புகுந்திருப்பதால்தான் மின்கருவிகளுக்கு நீரைப் பயன்படுத்தவே முடிகிறது. அப்போதும் உரிய இடைவெளி விட்டுத்தான். உயிரோடு விளையாடும் இந்த வேறுபாட்டை அழித்துவிடும் சொல் வேண்டவே வேண்டாம்.

வேகமும் சிதறலும் ஒன்றாக இருக்கும் வினை தமிழில் புழக்கத்திலேயே இருக்கிறது. சன்னல் வழியே சாரல் 'விசிறியடித்தது' என்கிறோம். அதனால் என் பரிந்துரை 'விசிறல்'. உயர்வேக வகைக்கு வல்விசிறல், நடுத்தர வேக வகைக்கு இடைவிசிறல் என்று பிரிக்கலாம். வல்லினம், இடையினம் படித்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. நுண்ணிய மூடுபனிபோல் நீரை விடும் அமைப்புக்குச் சங்கப் பாட்டிலேயே உள்ள 'துவலை' காத்திருக்கிறது.

அடுத்து 'நிலையான'. தொடர்ந்து ஓடிக்கொண்டே இருப்பது என்றுதான் இதைப் படிப்பார்கள். நாம் சொல்ல வந்தது, கையில் தூக்கிச் செல்லாமல் ஓரிடத்தில் நிறுவியது என்பது. கைக்கண்ணாடிக்கு எதிரே நிலைக்கண்ணாடி என்று சொல்கிறோமே, அந்த 'நிலை' போதும். ஆனால் சேர்க்கும்போது இடறுகிறது: 'நிலைநீர்' என்றால் தேங்கிய நீர், 'நீர்நிலை' என்றால் ஏரி குளம். இரண்டு நாள் யோசித்து, இரண்டு சொல்லையும் பிரித்து வைத்தேன். முழுப்பெயர் 'நீர்விசிறல் நிலையமைப்பு', சுருக்கமாக 'நிலைவிசிறல்'. பிறகு நுரைக்கு வரும்போது 'நுரைவிசிறல்' என்று தடையில்லாமல் நீளும்.

இந்த முனைகள் எல்லாவற்றுக்கும் ஒருசேர நீரைத் திறந்துவிடும் டெலூஜ் வால்வுக்கு 'வெள்ள வால்வு' வேண்டாம் என்றே நினைக்கிறேன். வெள்ளம் நம் கட்டுப்பாட்டில் இல்லாதது. இந்த வால்வோ நீரைத் தேக்கி வைத்து, தீயைக் கண்டறியக் காற்று நிரப்பி வைத்த தனிக் குழாயில் குமிழ் உடைந்து அழுத்தம் இறங்கியதும் ஒரே மூச்சில் திறப்பது. மடை திறந்தாற்போல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. 'மடைவால்வு' என்றால் போதும். வால்வு தமிழில் ஊறிய சொல்.

முனைக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'விசிறி' என்று வைத்தால் மின்மாற்றியின் குளிர்விப்பு விசிறியோடு மோதும். இப்போதைக்கு 'விசிறல்முனை' என்று எழுதி வருகிறேன். உள்ளே சுருள் தடம் இருப்பதையும் அதுதான் நீரைச் சுழற்றிக் கூம்பாக விரிப்பதையும் காட்டும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.