8வது வாரத்தில் ஸ்னாட்ச் நின்றுபோச்சு, போட்டிக்கு நாலு வாரம்தான் இருக்கிறது

பால்வெட்டுக்காரன்:
வணக்கம். எனக்குக் குலசேகரம் பக்கம். வயது 22, உடல் எடை 72.6. அடுத்த மாதம் முதல் பளுதூக்கும் போட்டி, 71 கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறேன். 12 வார அட்டவணை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருகிறேன், இதுவரை ஒரு நாள்கூட விடவில்லை. ஸ்குவாட் 120இலிருந்து 130 ஆகிவிட்டது. கிளீன் அண்ட் ஜெர்க் (கம்பியைத் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) 98, அதிலும் குறையில்லை. தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்தான் மானத்தை வாங்குகிறது.

என் அதிகபட்சம் 82. இந்த வாரம் 85 சதவீதத்தில் இரண்டிரண்டாக ஐந்து செட், அதாவது 70 கிலோ. திங்கள் இரண்டு செட்டைத் தாண்டவில்லை. புதன் முதல் தூக்கே முன்னால் விழுந்தது. வெள்ளி, தொடை தாண்டும்போதே கம்பி கையைவிட்டு நழுவியது.

திங்கள், புதன், வெள்ளி எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 300 மரம். மத்தியானம் தூங்கிவிட்டுத்தான் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன், அதனால் களைப்பு காரணமில்லை. 82 தூக்கியபோது மணிக்கட்டைக் கம்பியோடு சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப் போட்டிருந்தேன், போட்டியில் அது கூடாதே என்று இந்த வாரம்தான் கழற்றினேன். அட்டவணையை முதலிலிருந்து தொடங்கலாமா, ஸ்னாட்ச் நாளைக் கூட்டலாமா?

கோட்டாறு பழைய கம்பி:
தம்பி, கேள்வியை எழுதும்போதே பதிலையும் எழுதிவிட்டாய். ஸ்ட்ராப் போட்டுத் தூக்கிய 82 உன் கணக்கில் வராது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஏறக்குறைய எண்பது சதவீதம் ஸ்னாட்ச் வரும் என்பது கூடத்தில் எல்லாரும் போடும் கணக்கு. 98க்கு 78 வரலாம், கை பழகாத உனக்கு 76 என்று வை. இப்போது 70ஐ 76ஆல் வகுத்துப் பார். 92 சதவீதம்! தாளில் 85 என்று இருப்பதை நீ 92இல், இரண்டிரண்டாக ஐந்து செட் செய்யப் பார்க்கிறாய். எனக்கும் விழும்.

அப்புறம் அந்த மூன்று நாள். தூங்கினால் முதுகு தேறும், விரல் தேறுமா? 300 மரத்துக்குக் கத்தி பிடித்த பெருவிரலை, சாயங்காலம் ஹூக் கிரிப்பில் மற்ற விரல்களுக்கு அடியில் போட்டு நசுக்குகிறாய். நானும் வெட்டுக்காரன் மகன்தான், அந்த விரல் எனக்குத் தெரியும். கனமான நாளைச் செவ்வாய், வியாழன், சனிக்கு மாற்று. அட்டவணை போட்டவனுக்கு ரப்பர் தெரியாது.

முதலிலிருந்து தொடங்காதே, நேரமில்லை. செவ்வாய் ஸ்ட்ராப் இல்லாமல் ஏற்றிப் பார்த்து, வருகிற எண்ணை வைத்து மிச்ச வாரங்களைத் திருத்து. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் கடைசிக் கனம், அதன்பிறகு கம்பியில் எடை இறங்க வேண்டும். முதல் தூக்கு 70 போடலாம்.

மார்த்தாண்டத்து அக்கா:
அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, 70 மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் போட்டி, 68 போதும். போட்டியில் கம்பியில் ஏறிய எடை இறங்காது. கல்லூரி நாளில் நான் ஆசைப்பட்டுப் பெரிதாகத் தொடங்கி மூன்று ஸ்னாட்ச் வாய்ப்பையும் கோட்டை விட்டேன். ஸ்னாட்ச்சையும் கிளீன் அண்ட் ஜெர்க்கையும் கூட்டும் மொத்தக் கணக்கே இல்லை. கிளீன் அண்ட் ஜெர்க் ஒழுங்காகத் தூக்கியும் தரவரிசையில் என் பெயர் வரவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

தம்பி, 71 எதற்கு? ஒன்றரைக் கிலோவைப் பட்டினி கிடந்து இறக்கி, எடை பார்த்த இரண்டு மணி நேரத்தில் மேடையேறினால் கால் இழுத்துக்கொள்ளும். இன்னும் மாற்ற விடுவார்கள் என்றால் 79க்கு மாற்று. பதக்கம் அடுத்த வருஷம் பார்க்கலாம். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவில் 149 ஸ்னாட்ச் தூக்கியது 77 கிலோ பிரிவில். அவரும் எங்கேயோ ஒரு முதல் போட்டியில் நின்றிருப்பார்.

பால்வெட்டுக்காரன்:
அண்ணாச்சி, அக்கா, இன்றைக்குப் பார்த்தேன். 75 நின்றது, 77 பின்னால் போனது. 75ஐ வைத்துப் போட்டால் 85 சதவீதம் 64 கிலோ. வியாழன் அதைச் செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் சின்னப் பிள்ளைகளுக்கான நேரம், தூக்குவதற்கு இருப்பதோ ஒரே பிளாட்பாரம். ஏழரைக்கு மேல் தருகிறேன் என்று கோச் ஒத்துக்கொண்டார். 79க்கு மாற்றிவிட்டேன். அம்மா மரச்சீனியும் சாளைக் கறியும் தட்டு நிறைய வைத்துவிட்டாள். பெருவிரலில் சுற்றிய டேப் வியர்வையில் கழன்று வருகிறது, அதற்கு என்ன செய்வது?

கோட்டாறு பழைய கம்பி:
பிளாஸ்டிக் டேப்பை விட்டுவிட்டு மெடிக்கல் ஷாப்பில் ஒட்டும் துணி டேப் கேள். கையைத் துடைத்துவிட்டுச் சுற்று, மூட்டு மடங்குகிற அளவுக்குத் தளர்வாக. மேலே சாக்பீஸ் பொடி போடாதே, கூடத்தில் இருக்கும் மக்னீசியம் பொடியே போதும்.