பெண் வேடம் கட்டி அரசியல் பேசலாமா?

மூக்கையூர் மருமகன்:
என் தாய்மாமா நம் கடற்கரை ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெண் வேடம் கட்டியவர். மீசையை மழித்து, அரிதாரம் பூசி, என் அம்மாவின் சுங்குடிச் சேலையில் மேடையேறினால், படகோடு பிடிபட்டு அக்கரைச் சிறையில் கிடக்கும் மகனுக்காகக் காத்திருக்கும் தாயாகிவிடுவார். "டீசலுக்கு வாங்கிய கடனை யாரப்பா கட்டுவது?" என்று முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்துக் கேட்பார். பெண்கள் பக்கமிருந்து அழுகை கேட்கும். இதையே ஊர்க்கூட்டத்தில் கைலியோடு நின்று கேட்டபோது அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்த ஆண்டு அந்த வேடம் எனக்கு. "ஆடு, பாடு, படகுப் பேச்சு வேண்டாம். பெண் வேடம் சிரிப்புக்குத்தான்" என்கிறது விழாக்குழு. வேறு நாடுகளில் இந்த வேடம் அரசியல் பேசியிருக்கிறதா?

தொண்டி வாசகர்:
சிரிப்புக்கு மட்டும்தான் என்றால் போலீஸ் ஏன் வந்தது தம்பி? சான்பிரான்சிஸ்கோவில் ஹோசே சாரியா பெண் வேடத்தில் மதுக்கூடத்தில் பாடியவர். ஆண் பெண்ணுடை அணிந்து ஏமாற்றுவது அன்று அங்கே குற்றம், போலீஸ் பிடிக்கும். "நான் ஆண்பிள்ளை" என்று எழுதிய சீட்டைச் சேலைக்காரர்கள் எல்லோரும், அதாவது அந்த ஊர் கவுன்காரர்கள், குத்திக்கொள்ள வைத்தார். பிறகு ஏமாற்று எங்கே? 1961இல் நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் ஐயாயிரத்துக்கு மேல் வாக்குகள். ஒளிந்து வாழ்ந்த தன்பால் ஈர்ப்பினருக்கும் ஓட்டு உண்டு என்று ஊருக்குத் தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் பீட்டர் டிர்க் எய்ஸ், ஆளுங்கட்சிப் பிரமுகரின் மனைவி எவிடாவாக வேடம் கட்டி, அந்த ஆட்சியையே மேடையில் கிழித்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நம் நாடக மேடைக்கும் இது புதிதல்ல. விடுதலைப் போராட்டக் கால நாடக நடிகர் விசுவநாததாஸ் பெயர்பெற்றது ஆண் வேடத்தில்தான். ஆனால் வள்ளியின் தினைப்புனத்தில் கொக்கை விரட்டும் பாட்டு அவர் வாயில் வெள்ளையரை விரட்டும் பாட்டாகிவிடும். பலமுறை சிறை சென்றார். 1940இல் சென்னை மேடையில் முருகன் வேடத்திலேயே உயிர் பிரிந்தது. விழாக்குழுவில் வயதானவர்கள் இருந்தால் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ஏர்வாடி அக்கா:
நான் திருநங்கை. விடிந்ததும் நீங்கள் சேலையைக் களைந்துவிடுவீர்கள். எனக்கு இது வேடமில்லை. 1969இல் நியூயார்க்கில் தன்பால் ஈர்ப்பினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தபோது கிளம்பிய போராட்டத்தில் மார்ஷா பி. ஜான்சனும் இருந்தார். மறு ஆண்டு அவரும் சில்வியா ரிவேராவும் என்னைப் போன்ற, வீடிழந்த இளையவர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ஒன்றுதான் கேட்கிறேன். கைதட்டலுக்காகக் குரலைக் குழைக்காதீர்கள், இடுப்பை ஒடிக்காதீர்கள். அந்தத் தாயை உங்கள் சொந்தக் குரலிலேயே பேச விடுங்கள்.

மூக்கையூர் மருமகன்:
அக்கா, மாமாவும் குரலை மாற்றியதே இல்லை. எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "டீசல் வசனத்தை மட்டும் விட்டுவிடாதே" என்றார். விடமாட்டேன். உங்களுக்கு முன்வரிசையில், என் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் வைக்கிறேன்.