பீட்ரூட்டோட நின்னுபோற எக்ஸ்எம்எல் ஃபைல்

போஞ்சிக்கொடி, தலவாக்கலை:
மாமாவோட மரக்கறிக் கடைக்கு ஒரு வெப்சைட் செய்யிறேன். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைன்னு ஊரைத் தெரிவு செஞ்சா அந்த ஊர் விலை கீழே மாறணும். விபரமெல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல்ல, அதாவது ஒவ்வொரு விபரத்தையும் டேக்னு சொல்ற பேர்க்குறிக்கு நடுவுல வைக்கிற ஃபைல்ல. அதை ஃபெட்ச் பண்ணி, பிரவுசர்ல எக்ஸ்எம்எல்லைப் படிச்சுப் பிரிக்கிற டொம்பார்சர்கிட்ட குடுக்கிறேன். பைத்தன் சேர்வர்ல, 8000 போர்ட்ல ஓடுது; ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறக்கல (அப்பிடித் திறந்தா ஃபெட்ச் வேலை செய்யாது), அந்தத் தப்பைப் போன மாசமே செஞ்சு முடிச்சாச்சு.

குரோம்ல லீக்ஸ், கரட், கோவா வருது. பீட்ரூட்ல இருந்து ஒண்ணுமில்ல. ஃபயர்பொக்ஸ்ல லீக்ஸ்கூட இல்ல. மாமா பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட்ல டைப் பண்ணித் தந்தாரு, பக்கம் முழுக்க அதே ஃபொன்ட்தான், எழுத்தெல்லாம் அழகாத் தெரியுது. பார்சர் தந்ததை அப்பிடியே பக்கத்துல கொட்டிப் பாத்தா நடுவுல "நசசழச"ன்னு என்னமோ வருது. ரெண்டு நாளா மண்டை காயுது.

மூடுபனி:
பிழையைப் பிடிக்கிற ட்ரை கேட்ச் கோட் போட்டுப் பிரயோசனமில்ல, டொம்பார்சர் இந்தப் பிழையை வீசாது. பார்சர்எரர்னு ஒரு டேக்கைத் தானே உள்ளே வச்சிடும், அது இருக்கான்னு முதல்ல தேடணும். குரோம் பிழை வரைக்கும் படிச்சதை வச்சுக்கும். ஃபயர்பொக்ஸ் எல்லாத்தையும் தூக்கி வீசிடும்.

பழைய அச்சுக்காரன், கண்டி:
மகள், "நசசழச"வைப் பாத்துச் சிரிச்சிட்டேன். பாமினியில உள்ளே இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபொன்ட் அதைத் தமிழ் உருவமாக் காட்டும். ந அடிக்கிற கீ இங்கிலீஷ் ஈ (e), ச வந்து ஆர் (r), ழ வந்து ஓ (o). சேர்த்து வாசிங்க: எரர்! பார்சர் இங்கிலீஷ்ல கத்தினதை உங்க ஃபொன்ட் தமிழாக்கிடுச்சு.

குற்றவாளி பீட்ரூட்ல இருக்கிற "ரூ". பாமினியில அது & குறி. பின்னால வர்ற "ட்"டுக்கு எல் எழுத்தும் அரைப்புள்ளியும். உங்க கண்ணுக்கு ரூட். பார்சருக்கு அது "எல்"ங்கிற பேருல ஒரு என்டிட்டி, வேற எழுத்துக்குப் பதிலா எழுதுற சுருக்கப் பேரு. அப்பிடி ஒண்ணை நீங்க எங்கயும் அறிவிக்கல, அதுதான் கையை விரிச்சிடுச்சு. கீழே ஈரப்பலா இருந்தா அங்கயும் விழும். தமிழ் எழுத்து ஈ வந்து < குறி, புது டேக் தொடங்குதுன்னு நினைச்சுக்கும்.

இதை டேக்கா பாக்காதேன்னு பார்சருக்குச் சொல்ற சீடேட்டாவுக்குள்ள பொத்தி வைக்கலாம், ஆனா வேணாம். நாளைக்கு ஒருத்தர் ஃபோன்ல, தமிழ் எழுத்தைத் தமிழாவே வைக்கிற யுனிகோட்ல "கரட்"னு தேடினா கிடைக்காது. யுனிகோட்டுக்கே மாத்துங்க, யுடிஎஃப் 8ல சேவ் பண்ணுங்க. டேக்குக்கு நடுவுல உள்ள எழுத்தை மட்டும் கன்வேர்ட்டர்ல போடணும்.

போஞ்சிக்கொடி:
ஐயா, கடைசி வரியை வாசிக்கிறதுக்கு முந்தியே முழு ஃபைலையும் போட்டுட்டேன். டேக் பேரெல்லாம் தமிழ் மாதிரி ஏதோ ஆகிடுச்சு! திரும்பச் செஞ்சேன், இப்ப 14 மரக்கறியும் வருது, ஊர் மாத்தினா விலையும் மாறுது. ஈரப்பலா 11வதா இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே.

மாமா யுனிகோட் கீபோர்ட் பழகமாட்டாராம். காலையில விலை வந்ததும் நான்தான் மாத்தணும்போல.