காப்பர்பேண்டுக்குப் பூண்டு: இந்தக் கதையை எப்போது நிறுத்துவீர்கள்?

சம்ப்சாமி:
புதிதாக வாங்கிய மீன், போட்ட தீனியைத் தொடவில்லை என்று வேளச்சேரிரீஃப் கேட்டதற்கு கடல்ராஜா நேற்று கொடுத்த பதில்: "எந்தக் கடல் மீனாக இருந்தாலும் சரி, தீனியைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போடுங்கள். மூன்றே நாளில் சாப்பிடும், நான் கேரண்டி." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் வாங்கியிருப்பது காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை. பாறை இடுக்கில் அந்த நீள மூக்கை விட்டுப் புழுவையும் குட்டி இறாலையும் உருவித் தின்று வளர்ந்த மீன். எங்கோ பிடித்து, மொத்த வியாபாரி, விமானம், கடை என்று கை மாறிப் பட்டினியோடு வந்து சேர்ந்திருக்கிறது. தண்ணீரில் மிதந்து வரும் மைசிஸ் (குட்டி இறால் போன்ற உயிரி, உறையவைத்து விற்பது) துண்டு தீனி என்றே அதற்குத் தெரியாது. தெரியாத பொருளில் பூண்டு தடவினால் என்ன, நெய் தடவினால் என்ன? முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள். விரட்டுகிற மீன் இருந்தால் தடுப்புப் பெட்டி போடுங்கள். உயிருள்ள மட்டியைப் பிளந்து பாறை மேல் வையுங்கள். பூண்டு ரசத்துக்கு.

கடல்ராஜா:
அண்ணனுக்கு என் பெயரைப் பார்த்தாலே பொறுக்காது. ஸ்கிம்மர் (தொட்டிக் கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) விஷயத்தில் ஆரம்பித்த பகை இன்னும் தீரவில்லை. என் டேங்கில் யெல்லோ டாங் பூண்டு போட்ட பிறகுதான் சாப்பிட்டது. பூண்டுச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து உலகம் முழுக்க விற்கிறார்களே, அவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

சம்ப்சாமி:
டாங் பாசி மேய்கிற மீன். காய்ந்த கடற்பாசித் தாளான நோரியை கிளிப்பில் மாட்டினாலே வந்து இழுக்கும், அதற்குப் பூண்டு எதற்கு? பூண்டு இல்லாமல் அதே தீனியைப் போட்டுப் பார்த்தீர்களா? ஆம், இல்லை, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வேளச்சேரிரீஃப்:
அண்ணன்களே, சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். மைசிஸை வாயில் எடுக்கிறது, உடனே துப்பிவிடுகிறது. இதைச் சாப்பிடுவதாகக் கணக்கில் எடுக்கலாமா? தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக் கத்தி முனை மாதிரி தெரிகிறது. உப்பு 1.025 (தண்ணீரின் ஒப்படர்த்தி), சூடு 26 டிகிரி, அமோனியா பூஜ்யம்.

கடல்ராஜா:
வாயில் எடுக்கிறதா! பூண்டு ஊறவைத்தீர்களா?

வேளச்சேரிரீஃப்:
நேற்று ராத்திரி ஊறவைத்தேன். ஆனால் துப்புகிறதே, அதைத்தான் கேட்டேன்.

கடல்ராஜா:
பார்த்தீர்களா. கேஸ் முடிந்தது.

சம்ப்சாமி:
என்ன முடிந்தது? பூண்டை நசுக்கினால்தான் அந்தக் கார வாசனை தரும் அல்லிசின் உண்டாகும், அதுவும் நிலையாக நிற்காத பொருள். ராத்திரி முழுக்க ஊறியதில் எவ்வளவு மிஞ்சியது என்று உங்களுக்குத் தெரியுமா? போதாததற்கு, காப்பர்பேண்ட் கண்ணால் பார்த்துப் பொறுக்கித் தின்கிற மீன். பூண்டு வாசனைதான் அதை இழுத்தது என்பதற்கு ஒரே ஒரு ஆதாரம் கொடுங்கள். டாங் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

பவளமேரி:
மீனைக் கடையிலிருந்து எப்படி மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பல கடைகளில் ஒட்டுண்ணியை அடக்க உப்பை 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் 1.025-க்குக் கொண்டுவந்தால் மீன் எதைச் சாப்பிடும்? புது மீனைத் தனியாக வைக்கும் குவாரண்டைன் தொட்டியில் கடைத் தண்ணீரின் உப்பையே வைத்து, நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அந்தத் தொட்டியில் ஒட்டுண்ணிக்கான காப்பர் மருந்து போட்டிருந்தால் அதுவும் பசியைக் கெடுக்கும். சாப்பிட ஆரம்பித்த பிறகு மருந்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கொளத்தூர்க்காரன்:
எல்லாப் பழியும் கடைக்காரன் மேல்தானா மேடம்? நாங்கள் உப்பைக் குறைக்காவிட்டால் வெள்ளைப்புள்ளி நோய் வந்து மொத்தச் சரக்கும் போகும். வாங்குகிறவர் உப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை, "ஐந்நூறு குறையுங்கள்" என்றுதான் கேட்கிறார். நாங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக மூன்று மணி நேரம் பையில் டிரிப் விட்டு மாற்றுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம்.

பவளமேரி:
அந்த மூன்று மணி நேர டிரிப்தான் பிரச்சினை. நெடுந்தூரம் வந்த பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அமோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், இருக்கிற அமோனியா விஷமாகும். அதிலேயே மீனை மூன்று மணி நேரம் வைத்தால் செவுள் வெந்துவிடும்.

கொளத்தூர்க்காரன்:
எங்கள் கடையிலிருந்து வேளச்சேரி ஒரு மணி நேரம். இது என்ன ஜகார்த்தாவிலிருந்து வந்த பையா?

சம்ப்சாமி:
டிரிப் சண்டையைத் தனி இழையில் போடுங்கள். இங்கே கேள்வி பூண்டு. கடல்ராஜா, டாங் விஷயத்தில் ஆம்-ஆ, இல்லை-யா?

கடல்ராஜா:
மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள நிலையத்தில் பொரித்து வளர்த்த க்ளவுன் மீன் வைத்திருக்கிறேன். அதுவும் பூண்டு போட்டால் பாய்ந்து வருகிறது. போதுமா?

சம்ப்சாமி:
தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த க்ளவுன் குட்டியிலிருந்தே மனிதர் போடும் தீனியைத் தின்று பழகியது. அது நீங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாலே பாய்ந்து வரும். கடலில் பிடித்த காப்பர்பேண்டுக்கு அதை உதாரணம் காட்டுகிறவரோடு என்ன பேசுவது? பத்து வருடமாக மரைன் டேங்க் வைத்திருக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்கிறீர்களே, உங்கள் டேங்கில் ஒரு காப்பர்பேண்ட் ஒரு வருடம் தாண்டியதுண்டா? என்னுடையது ஏய்ப்டேசியாவை (தொட்டியில் பரவும் தொல்லைக் கடல் அனிமோன்) கொத்தித் தின்று முடித்துவிட்டு இன்று பெல்லட் உருண்டைத் தீனி வரைக்கும் வந்திருக்கிறது. மட்டியில் ஆரம்பித்தேன். அப்புறம் மட்டி ஓட்டில் பொடியாக நறுக்கிய இறாலைத் திணித்து வைத்தேன். அப்புறம் அதே ஓட்டில் மைசிஸ். ஓடு பழகியதால் உள்ளே இருப்பதை மாற்றினாலும் வந்து கொத்தியது. கடைசியில் ஓட்டையே எடுத்துவிட்டேன். இதில் எந்த இடத்தில் பூண்டு வந்தது?

உப்புக்கணக்கு:
மட்டி எங்கிருந்து வாங்குகிறீர்கள்? கழிமுக மட்டியை அப்படியே போட்டால் டேங்குக்குள் என்னென்ன வருமோ. தின்னாமல் விட்ட சதையை இரண்டு மணி நேரத்தில் எடுக்காவிட்டால் அமோனியா ஏறும். நான் ஆர்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) முட்டையைப் பொரித்துப் போடுவேன். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும்.

சம்ப்சாமி:
பொரித்த உடனே போட்டால் மஞ்சள்கருச் சத்து இருக்கும். நேரம் போகப்போக அது கரைந்துவிடும். வளர்ந்த ஆர்டீமியாவுக்குச் சத்து ஏற்றிப் போடாவிட்டால் மீன் தின்றுகொண்டே இளைக்கும். அது ஆசை காட்டத்தான் உதவும்.

வேளச்சேரிரீஃப்:
மட்டி கிடைத்தது, வைத்தேன். முதலில் தூரத்தில் நின்றது. அப்புறம் தலைகீழாகச் சாய்ந்து, ஒற்றைக் கண்ணை மட்டிப் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தது. மூக்கு நுனியால் சதை ஓரத்தைக் கொத்தி நூல் அளவு உருவி எடுத்தது. துப்பவில்லை! மறுபடி வந்து இன்னொரு கொத்து.

சம்ப்சாமி:
நன்றாகக் கவனியுங்கள் கடல்ராஜா. மட்டி.

கடல்ராஜா:
தம்பி, மட்டியைப் பிளக்கும்போது கையில் பூண்டு வாசனை இருந்ததா?

வேளச்சேரிரீஃப்:
காலையில் பூண்டு நசுக்கினேன். கை கழுவினேன் அண்ணா.

கடல்ராஜா:
கழுவினால் போகிற வாசனையா அது? நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

சம்ப்சாமி:
இதற்கு மேல் உங்களிடம் பேசி நேரத்தை வீணாக்க மாட்டேன். ஆனால் டாங் விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன்.

பவளமேரி:
தம்பி, இன்னும் இரண்டு மட்டி ஐஸ்பெட்டியில் வைத்திருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, சிறிது சிறிதாக. அப்புறம், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்?

வேளச்சேரிரீஃப்:
கோவளத்திலிருந்து கேனில் கொண்டுவருகிறேன் அக்கா.

உப்புக்கணக்கு:
இந்த ஐப்பசியிலா? மழை பிடித்து முட்டுக்காடு முகத்துவாரம் திறந்துகொண்டால் கோவளம் தண்ணீரின் உப்பே மாறிவிடும். செயற்கை உப்பு கலக்குங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

கடல்ராஜா:
கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் ஆகாதா? என் டேங்க் முழுக்கக் கோவளம் தண்ணீர்தான்.

சம்ப்சாமி:
அதனால்தான் உங்கள் டாங்குக்குப் பூண்டு தேவைப்பட்டது.

கடல்ராஜா:
அண்ணா, மரியாதையாகப் பேசுங்கள். ஸ்கிம்மர் இழையை நான் இன்னும் அழிக்கவில்லை.

உப்புக்கணக்கு:
அந்த இழையில் நீங்கள் போட்ட உப்பு அளவும் தப்பு. அங்கேயும் கேட்டேன், பதில் இல்லை.