மறு: க்ரான் ஜாபுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். கணினியில் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாகத் தொடங்கும் நிரல் க்ரான், அது ஓட்டும் வேலைதான் க்ரான் ஜாப். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அம்பத்தூர் நண்பர் எழுதியது:

> திட்டமிட்ட பணி என்பது ஏற்கெனவே பல மென்பொருள்களில் இருக்கிறது. புதிதாக எதற்கு? அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கிண்டியில் ஓர் அலுவலகத்தின் அஞ்சல் வழங்கியில் (மின்னஞ்சலைக் கையாளும் கணினியில்) அண்மையில் பார்த்த பழுதை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு கலைச்சொல் நன்றாக ஓடும் நாளில் அல்ல, பழுது வந்த நாளில்தான் அதிகம் தேவைப்படுகிறது. இரண்டு பேர் தொலைபேசியில் அந்தச் சொல்லை வைத்துப் பேசி, எது உடைந்தது என்று ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வழங்கியில் இயங்குதளம் டெபியன் லினக்ஸ், மேலே அஞ்சல் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். ஒரு நாள் காலை அஞ்சல் எதுவும் உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை. நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டில் (லாக்), வட்டில் இடமில்லை என்று பிழைச்செய்தி. வட்டில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்துப் பார்த்தால் வட்டில் பாதிக்கு மேல் காலி! அதே கட்டளையை ஐநோடுகளை (கோப்புக்கு ஒன்று வீதம் வட்டில் இருக்கும் குறிப்புகள், அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு) காட்டச் சொல்லிக் கேட்டபோதுதான் நூறு சதவீதமும் தீர்ந்திருந்தது தெரிந்தது. யாரோ ஒரு பயனரின் கடவுச்சொல் கசிந்து, அவர் கணக்கிலிருந்து எரிதம் (ஸ்பாம்) கொட்டியிருக்கிறது. திரும்பி வந்த மடல்கள் எல்லாம் வரிசையில் சின்னச் சின்னக் கோப்புகளாகக் குவிந்துவிட்டன. இடம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஐநோடு இல்லாவிட்டால் புதுக் கோப்பு ஒன்றுகூட உருவாகாது, இரண்டுக்கும் கர்னல் (இயங்குதளத்தின் கரு) சொல்லும் பிழைச்செய்தி ஒன்றேதான்.

இப்படிக் குவியாமல் இருக்கத்தான் அங்கே இரவுதோறும் ஒரு பராமரிப்புக் குறுநிரல் (ஸ்கிரிப்ட்) வைத்திருந்தார்கள். பழைய பதிவேடுகளைச் சுருக்கும், திரும்பிவந்த மடல்களை போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்சூப்பர் கட்டளை கொண்டு வரிசையிலிருந்து நீக்கும், கடைசியில் தேதியோடு "முடிந்தது" என்று ஒரு கோப்பில் எழுதும். அந்தக் கோப்பில் ஒரு நாள் விடாமல் "முடிந்தது" இருக்கிறது. கணினியின் பொதுப் பதிவேடான சிஸ்லாகிலும் க்ரான் அந்தக் கட்டளையைத் தொடங்கியதாக ஒவ்வொரு இரவுக்கும் ஒரு வரி. கையால் ஓட்டிப் பார்த்தாலும் ஒழுங்காக நீக்குகிறது. அப்புறம் எங்கே பழுது?

ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்காக) உள்நுழைந்து ஓட்டும்போது யூஎஸ்ஆர்-எஸ்பின் அடைவும் தேடுபாதையில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) இருக்கும், போஸ்ட்சூப்பர் அங்கேதான் குடியிருக்கிறது. ஆனால் டெபியனில் பயனரின் க்ரான்டேபிலிருந்து (எந்தக் கட்டளை எப்போது என்று க்ரானுக்குச் சொல்லும் பட்டியலிலிருந்து) ஓடும்போது, ரூட்டின் க்ரான்டேபாகவே இருந்தாலும், நாம் மாற்றாதவரை யூஎஸ்ஆர்-பின், பின் என்ற இரண்டு அடைவுகள்தான் பாதையில் இருக்கும். ஆக, இரவில் கட்டளை கிடைக்கவில்லை, முடிவெண் 127 (சுழியம் என்றால்தான் வெற்றி). குறுநிரலில் பிழை வந்தால் நில் என்று சொல்லும் வரி இல்லாததால் அது அடுத்த வரிக்குப் போய் "முடிந்தது" என்று எழுதிவிட்டது. கடைசி வரி வெற்றி என்பதால் மொத்தக் குறுநிரலின் முடிவெண்ணும் சுழியம். பிழை வெளியீட்டை க்ரான் ரூட்டுக்கு மடலாக அனுப்பத்தான் செய்தது, அது போய்ச் சேர்ந்த பெட்டியோ வேலையை விட்டுப் போன ஒருவருடையது. ஐநோடு தீர்ந்த இரவில் அந்த மடலை வரிசையில் வைக்கவும் வழியில்லை. அஞ்சல் வழங்கியின் நோயை அதே அஞ்சல் வழங்கி வழியாக அறிவிக்கும் ஏற்பாட்டை நம்பியிருக்கும் எல்லோரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இந்தப் பழுதைத் "திட்டமிட்ட பணி தோல்வி" என்று எழுதிப் பாருங்கள். நேரத்துக்குத் தொடங்கவே இல்லையா, தொடங்கி நடுவில் முறிந்ததா, முடிந்தும் பலன் இல்லையா? ஒன்றும் தெரியவில்லை. தவிர, நாளிதழில் "நாளை மின்தடை" என்று பகுதிப் பெயர்களோடு வருகிறதே, அந்தப் பராமரிப்பு திட்டமிட்ட பணி. ஒருவர் யோசித்து, ஒரு நாளுக்கென்று வைப்பது. க்ரான் செய்வது அதுவல்ல. அதற்குத் திட்டம் எதுவும் தெரியாது, நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்துக் கடிகாரத்தைப் பார்க்கும், பட்டியலில் இந்த நிமிடத்துக்கு எதுவும் இருந்தால் கிளப்பிவிடும். 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த கருவி, 1987இல் பால் விக்சி எழுதிய வடிவத்தின் வழி வந்ததைத்தான் இன்றும் டெபியனில் ஓட்டுகிறோம்.

அதனால் என் பரிந்துரை வேளைப்பணி. க்ரான்டேபுக்கு வேளைப்பட்டியல்.

வேளை என்றால் குறித்த நேரம், அதுவும் திரும்பத் திரும்ப வருவது. மருந்துச்சீட்டில் மூன்று வேளை என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. இதைவிட முக்கியம், பழுதைப் பிரித்துச் சொல்ல இது இடம் தருகிறது. இயந்திரம் அணைந்திருந்து தொடங்காமலே போனால் வேளை தவறியது. தொடங்கி நடுவில் நின்றால் பணி முறிந்தது. கிண்டியில் நடந்தது மூன்றாவது வகை: வேளை தவறவில்லை, பணியும் முறியவில்லை, ஆனால் பலிக்கவில்லை. சிஸ்லாக் வரி வேளை வந்ததற்கு மட்டுமே சாட்சி, பணி பலித்ததற்கு அல்ல என்று ஒரு புதியவருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்த வேறுபாடு தெரியாததால்தான் அங்கே காலை முழுக்க "க்ரான் ஓடியிருக்கிறதே" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெசன்ட் நகர் அம்மா கேட்டது:

> சென்னைப் பேச்சில் ளகரம் லகரமாகிவிடுகிறதே, வேலைப்பணி என்றுதானே காதில் விழும்? காலமுறைப் பணி என்று வைத்தால் என்ன?

அம்மா, முதல் கேள்வி நியாயமானது, இந்தச் சொல்லின் உண்மையான குறை அதுதான். ஆனால் "வேளை தவறியது" என்று வினையோடு சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வருவதில்லை, நம் சொற்கள் பெரும்பாலும் திரையிலும் ஆவணத்திலும் எழுத்தாகத்தானே வாழப்போகின்றன. காலமுறை வேண்டாம் என்று நினைக்கிறேன். காலமுறை ஊதியம் என்று ஊழியர் சங்கப் பதாகைகளில் ஊறிப்போன சொல் அது, காலமுறைப் பணி என்றால் அரசு வேலை என்றுதான் முதலில் தோன்றும். முறைப்பணி என்று இன்னொருவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது, தண்ணீருக்கு முறை வைப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்குப் பொருந்தும், ஆனால் அதில் கடிகாரம் இல்லை.

இன்னொன்றையும் சொற்பட்டியலில் குறிப்பாகச் சேர்க்க வேண்டும்: வேளை யாருடைய கடிகாரப்படி என்பது. வழங்கி ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இருந்தால், அதிகாலை 2:30 என்று எழுதிய வேளைப்பணி நமக்குக் காலை 8 மணிக்கு ஓடும், ஊழியர்கள் மடல் திறக்கும் நேரத்தில். நமக்கு இரவு 2 மணிக்கு ஓட வேண்டுமானால் 20:30 என்று எழுத வேண்டும்.

கிண்டியில் என்ன சரிசெய்தோம் என்று சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். வேளைப்பட்டியலின் தலையிலேயே தேடுபாதையை முழுதாக எழுதினோம், பிழை வந்தால் உடனே நிற்கும்படி குறுநிரலை மாற்றினோம், ரூட்டின் மடல் இப்போது வேறொரு வழங்கியில் இருக்கும் பெட்டிக்குப் போகிறது. குறுநிரல் முழுதாக முடிந்தால் மட்டும் வெளி இயந்திரம் ஒன்றுக்குச் சேதி போகும், சேதி வராவிட்டால் அந்த இயந்திரம் குரல் கொடுக்கும். இதில் கடைசி ஏற்பாடுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் குறுநிரலைச் சோதிக்க விரும்பினால் சூழல் மாறிகளை (நம் கணக்கு நிரல்களுக்குத் தரும் அமைப்புகளை) காலி செய்துவிட்டு, தேடுபாதையில் யூஎஸ்ஆர்-பின், பின் இரண்டை மட்டும் வைத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள், பாதைப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும். குறுநிரலை நாள்தோறும் ஓட வேண்டியவற்றுக்கான க்ரான்-டெய்லி அடைவில் போடுகிறவர்கள் கோப்பின் பெயரில் புள்ளி வைக்காதீர்கள், டெபியன் அதை ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும்.

மிச்சம் இருப்பது அனாக்ரான். இயந்திரம் அணைந்திருந்ததால் தவறிய வேளையை, மறுபடி எழுந்ததும் ஓட்டித் தருகிறதே, அந்த ஓட்டத்துக்கு என்ன பெயர்? ஈடுசெய் விடுப்பு என்று அலுவலகங்களில் ஏற்கெனவே சொல்வதால் ஈடுவேளை என்று வைக்கலாமா என்று பார்க்கிறேன். மடிக்கணினியில் அனாக்ரான் வைத்துப் புழங்குகிறவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு அது இயல்பாக வருகிறதா?