ஹாம்லெட்: ரெய்னால்டோ காட்சியை வெட்டலாமா?

கோத்தகிரித் தம்பி:
ஊட்டியில் கல்லூரி விழாவுக்காக ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை 40 நிமிடத்துக்குச் சுருக்கித் தமிழில் போடுகிறோம். மந்திரி பொலோனியஸ் தன் ஆள் ரெய்னால்டோவை பாரிசுக்கு அனுப்பி, சொந்த மகனையே வேவு பார்க்கச் சொல்கிறாரே, இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சி, அதை வெட்டு என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். ரெய்னால்டோ அப்புறம் மேடைக்கே வருவதில்லை. இன்னொரு சந்தேகம்: பைத்தியமாக நடித்து ஹாம்லெட்டுக்கு என்ன லாபம்? சும்மா இருந்திருந்தால், அப்பாவைக் கொன்று ராஜாவான சித்தப்பன் கிளாடியஸ் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டானே.

குன்னூர் அக்கா:
வெட்டாதே தம்பி. அந்தக் காட்சிக்குத் தமிழில் ஒரே பெயர்தான், போட்டு வாங்குவது. ‘அவன் சூதாடுவான், குடிப்பான்’ என்று நீயே லேசாகக் கிளப்பிவிடு, கேட்கிறவன் ‘ஆமாம், நானும் பார்த்தேன்’ என்று மீதியைக் கொட்டுவான் என்கிறார் அந்தக் கிழவர். எங்கள் பக்கம் தேயிலை எடை போடும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், ‘உன் பையன் கோயம்புத்தூரில் வேலையை விட்டுட்டானாமே’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள், அவன் வேலையை விட்டிருக்கவே மாட்டான், ஆனால் அம்மாக்காரி பதறிப்போய் சம்பளம், கடன், பெண் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பாள். இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நாடகம் முழுக்க அதுவே தெரியும். ஹாம்லெட் காதலித்த ஒஃபீலியாவைத் தூண்டிலில் மாட்டிவிட்டு அவள் அப்பா பொலோனியஸும் ராஜாவும் ஒளிந்து கேட்பது, ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும் நண்பர்கள் மாதிரி வந்து துருவுவது (அவர்களை யார் அனுப்பினார்கள் என்பதை ஹாம்லெட்டே கறந்துவிடுகிறான்). அவ்வளவு ஏன், சித்தப்பன் முன்னால் கொலை நாடகம் போட்டு அவன் முகத்தைப் பார்ப்பதும் போட்டு வாங்குவதுதானே?

மூடுபனி:
அந்தப் பைத்திய விஷயத்துக்கு வருகிறேன். சாக்ஸோ கிராமாட்டிகஸ் லத்தீனில் எழுதிய, இந்த நாடகத்துக்கு மூலமான பழைய கதையில் கொலை ஊரறிந்த விஷயம், பையன் உயிர் பிழைக்க அசடாக நடிக்கிறான், அது புரிகிறது. ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டு நடிப்பை மட்டும் வைத்துக்கொண்டார். அதனால் நீ சொல்வது சரி, வேஷமே சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆனால் வாய்க்குச் சுதந்திரம் கிடைக்கிறது பார், மந்திரியை நேருக்கு நேர் மீன்காரன் என்கிறான். அந்த மேகத்தை விட்டுவிடாதே: ஹாம்லெட் அதைக் காட்டி ஒட்டகம் என்றாலும் மந்திரி ஆமாம், மரநாய் என்றாலும் ஆமாம், திமிங்கலம் என்றாலும் ஆமாம். அந்த இடத்தில் யார் பைத்தியம்? ஒஃபீலியாவுக்கு உண்மையிலேயே புத்தி பேதலித்தபோது ராணி அவளை உள்ளே விடச் சொல்வதும் ஊர் வாய்க்குப் பயந்துதான்.

பழைய நாடகக்காரன்:
எல்லாம் சரி, 40 நிமிடம் என்பது 40 நிமிடம்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் ரெய்னால்டோவுக்குக் கொடுக்காதே. வசன நடைக்கு பம்மல் சம்பந்த முதலியாரின் ‘அமலாதித்யன்’ கிடைத்தால் பார், இதே ஹாம்லெட்தான்.

கோத்தகிரித் தம்பி:
இரண்டு நிமிடம் வைக்கிறோம். கில்டன்ஸ்டர்னாக வரும் பையனையே ரெய்னால்டோவாகவும் போட்டுவிடுகிறேன், சட்டைகூட மாற்ற வேண்டாம்.