சூடான 66 மஸ்டாங் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை, உட்வர்டுக்கு முன்னால் வழி சொல்லுங்கள்

நோவி_289:
வண்டி 1966 மஸ்டாங் கூப். 289 வி8, ஆட்டோலைட் 2100 இரண்டு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர். வின் (வண்டியின் அடையாள) எண்ணில் ‘சி’ இருக்கிறது, அதனால் தொழிற்சாலையில் போட்ட எஞ்சின் வகையும் இதுதான்.

காலையில் சாவியைத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும், ஹைவேயிலும் ஒரு குறை இல்லை. ஆனால் பெட்ரோல் போட நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் அவ்வளவுதான். அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு கடையில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் பம்பு, பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிப் பில் போட்டார்கள், நோய் அப்படியே இருக்கிறது. இன்னொருவர் எலக்ட்ரிக் பம்பு போடு என்கிறார். ஒரிஜினலாகவே வைத்து ஷோவில் நிறுத்த ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, எனக்கு மனசு வரவில்லை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் ரோட்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில், வெயிலில் ஊர்ந்து போகும்போது நடுரோட்டில் நின்றால் மானம் போகும்.

கரிப்புகை:
பாகம் மாற்றுவதை நிறுத்துங்கள் தம்பி. முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதா, முக்கி முக்கிச் சுற்றுகிறதா? பெட்ரோல் வாடை வருகிறதா? சாவியை விடும் நொடியில் மட்டும் ஒரு உதறல் வருகிறதா?

மூன்றாவது எதற்கென்றால், சுற்றும்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் போவது ஸ்டார்ட்டர் ரிலேயின் ‘ஐ’ முனையிலிருந்து. அந்த ஒயர் விட்டுப்போனால் சாவியை விட்டால்தான் ஸ்பார்க்கே வரும். முக்கிச் சுற்றினால் எர்த் ஒயரையும் பேட்டரி கேபிள் தடிமனையும் பாருங்கள், ஸ்பார்க் டைமிங் அதிகமாக முன்னால் வைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

டெக்சாஸ்_மாமா:
பெட்ரோல் லைனில் மரத் துணிக் கிளிப்பை வரிசையாக மாட்டுங்கள், சூட்டை இழுத்துவிடும். இங்கே பெரியவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள் :)

நோவி_289:
மாமா, கிளிப் மாட்டி ஷோவுக்குப் போனால் ஜட்ஜ் துணி காயப்போடுவார்.

கரிப்புகை அண்ணா, ஸ்டார்ட்டர் நல்ல வேகம். வாடை பலமாக வருகிறது. உதறல் இல்லை.

கரிப்புகை:
வாடை வந்தால் பெட்ரோல் வராமல் இல்லை, அதிகமாக வருகிறது. வேப்பர் லாக் (பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வராமல் அடைப்பது) என்று சொல்லி பம்பை மாற்றியது அதனால்தான் வீண்.

நன்றாகச் சூடாக ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள் (சிகரெட் வேண்டாம்). குளிரில் காற்றைக் குறைக்கும் சோக் தகடு நேராக நின்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே நடு நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டினால், கார்புரேட்டரின் ஃப்ளோட் (மிதவை) தொட்டியில் கொதித்து உள்ளே வழிகிறது. இன்றைய 10 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் காலத்துப் பெட்ரோலைவிடச் சுலபமாக ஆவியாகும், அதனால் இது பழைய வண்டிகளில் சகஜம். ஆனால் உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வருகிறது என்றால் எத்தனாலோடு வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது.

என் சந்தேகம் ஹீட் ரைசர் வால்வு மேல்தான். வலது பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில், வெளியே ஒரு எடைக்கட்டியும் சுருள் வில்லும் தெரியும். குளிரில் அது மூடி, புகையை இன்டேக் மேனிஃபோல்டு வழியாக, அதாவது கார்புரேட்டருக்கு நேர் கீழே திருப்பிவிடும், மிச்சிகன் ஜனவரிக்கு அது வேண்டும். சூடானதும் தானே திறக்க வேண்டும். துருவேறி மூடியபடியே இறுகிவிட்டால் கார்புரேட்டருக்கு அடியில் அடுப்பு எரிகிற மாதிரிதான். இதைப் பார்க்க யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் பல வண்டிகளில் எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

நோவி_289:
சொட்டுகிறது! வால்வு கையால் அசைக்க முடியவில்லை, மூடியே இருக்கிறது.

கரிப்புகை:
எஞ்சின் குளிர்ந்தபின் தண்டின் இரண்டு முனையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சுத்தியலால் தண்டை மேலும் கீழும் அல்ல, முனையில் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். வார்ப்பிரும்பு, கோபத்தைக் காட்டினால் விரிசல் விடும். ஃப்ளோட்டையும் பாருங்கள், பெட்ரோல் மட்டம் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் கீழே இருக்க வேண்டும்.

நோவி_289:
இரவு முழுக்க ஊறியதும் வால்வு விட்டுக்கொடுத்தது. ஃப்ளோட் மட்டமும் மேலேதான் இருந்தது, இறக்கிவிட்டேன். இன்று பெட்ரோல் பங்கில் வேண்டுமென்றே காபி குடித்துவிட்டு வந்தேன், கொஞ்சம் நீளமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டர் அடியில் வெப்பம் தடுக்கும் கனமான ஸ்பேசர் போடலாமா? மார்க் குறையுமா?

சான்ஹோசே_66:
உட்வர்ட் ரோட்டில் யாரும் மார்க் போடப்போவதில்லை, அன்றைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கான்கோர்ஸ் வகுப்பில் (ஒரிஜினலாக இருக்கிறதா என்று மார்க் போடும் ஷோ பிரிவில்) நிறுத்துவதற்கு முன் ஒரிஜினல் ஸ்பேசரைத் திருப்பிப் போட வேண்டும். ஹீட் ரைசர் வால்வு இருப்பது உங்களுக்கு அங்கே லாபம்தான். எஞ்சின் பெயிண்டையும் பாருங்கள், 66க்கு முழுக்க ஃபோர்டு நீலம், கருப்பு பிளாக்கும் தங்கநிற வால்வு கவரும் 65ஓடு போயிற்று.

மறுபடி சூட்டில் அடம்பிடித்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், அது இன்னும் பெட்ரோலை ஊற்றும். தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள், பிடித்ததும் காலை எடுங்கள்.